கையிலிருந்து தலைக்கு ஏறிய விளக்கு

இரவு வேளையில் வீட்டில் மின்சாரம் நின்றுவிடுகிறது. ப்யூஸ் கம்பி உருகியிருக்கலாம் என்று எண்ணி, ஒரு கையில் டார்ச் விளக்கை ஏந்தி, மின்சாரப் பெட்டியின் அருகே செல்கிறோம். மெயின் சுவிட்சை அணைக்க ஒரு கை போதும். ஆனால் பீங்கான் மூடியைக் கழற்றிப் பிடிக்க ஒரு கையும், புதிய கம்பியைச் சுற்ற மற்றொரு கையும் வேண்டும். விளக்கைப் பிடிப்பது யார்? சிறிது நேரம் அதைக் கழுத்துக்கும் தோளுக்கும் இடையே இடுக்கிக்கொள்கிறோம், அது நழுவுகிறது. பின்னர் பற்களால் கவ்விக்கொள்கிறோம். வாயில் நீர் ஊறுகிறது, பேச முடிவதில்லை. இறுதியில் வீட்டுப் பிள்ளையை அழைத்துப் பிடிக்கச் சொல்கிறோம். அவனோ நாம் பார்க்கும் இடத்தை விட்டு, தான் பார்க்க விரும்பும் இடத்திற்கே ஒளியைச் செலுத்துகிறான்!

நமக்கு ஆண்டுக்கு ஒருமுறை நேரும் இச்சிறு தொல்லை, நிலத்தினடியில் உழைப்போருக்கு நாள்தோறும், நொடிதோறும் இருந்துவந்த தொல்லையாகும். தன்பாத், ஜரியா, ராணிகஞ்சு ஆகிய நிலக்கரி வட்டாரங்களிலே சுரங்கத்தினுள் இறங்கும் தொழிலாளி ஒருவர் எட்டு மணி நேரத்தை முழு இருளில் கழிக்கிறார். துளையிடுதல், கூரைக்கு முட்டுக் கொடுத்தல், கரியை வாரிப் போடுதல் ஆகிய வேலைகள் அனைத்திற்கும் இரு கைகளும் வேண்டும். ஒளியும் வேண்டும். இவ்விரண்டு தேவைகளையும் ஒருங்கே நிறைவு செய்த கருவியே தொப்பி விளக்கு. அது தோன்றிய வரலாற்றையும், அதனுள் அடங்கியுள்ள அறிவியல் உண்மைகளையும், அவற்றிலிருந்து நம் வீட்டுத் தேவைக்கு நாம் கற்கக்கூடியவற்றையும் இக்கட்டுரையில் காண்போம்.

களிமண்ணும் மெழுகுவர்த்தியும்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வால் பகுதியில் வெள்ளீயமும் தாமிரமும் எடுத்த சுரங்கத் தொழிலாளர்கள், கெட்டியான கம்பளித் தொப்பி அணிந்திருந்தனர். ஈரக் களிமண்ணை ஓர் உருண்டையாகப் பிடித்துத் தொப்பியின் முன்புறத்தில் ஒட்டி, அதில் கொழுப்பு மெழுகுவர்த்தி ஒன்றைச் செருகிக்கொள்வது அவர்கள் வழக்கம். வேலை செய்யுமிடம் வந்ததும் அந்தக் களிமண்ணையும் வர்த்தியையும் எடுத்துப் பாறைச் சுவரில் அப்பிவிடுவதும் உண்டு. கையை விடுவிக்கும் விளக்குகளில் மிக எளியது இதுவேயாகும்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஸ்காட்லாந்தில் எண்ணெய் விளக்கு தொப்பியில் ஏறியது. சிறு தேநீர்க் கெண்டியைப் போன்ற உருவமுடைய அவ்விளக்கின் மூக்கில் திரி எரியும். பின்புறமுள்ள கொக்கி தொப்பியில் மாட்டிக்கொள்ளும். 1892ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தாமஸ் வில்சன் என்பவர் மின்உலையில் கால்சியம் கார்பைடைப் பெருமளவில் தயாரிக்கும் வழியைக் கண்டார். கார்பைடின்மேல் நீர் சொட்டினால் அசெட்டிலீன் என்னும் வாயு வெளிப்படும். அது கண்ணைக் கவரும் வெண்சுடராக எரியும். மேலறையில் நீரும் கீழறையில் கார்பைடும் கொண்ட சிறு பித்தளை விளக்குகள் 1900ஆம் ஆண்டிற்குப் பின்னர் பல நாட்டுச் சுரங்கத் தொழிலாளரின் தொப்பியில் அமர்ந்தன. சுடருக்குப் பின்னே பளபளப்பான கிண்ண வடிவத் தகடு ஒன்று நின்று ஒளியை முன்னோக்கித் திருப்பியது.

ஆயினும் இவை யாவும் திறந்த சுடர்கள். உலோகச் சுரங்கங்கள் பலவற்றில் திறந்த சுடரால் பெருந்தீங்கு இல்லை. நிலக்கரிச் சுரங்கத்தின் நிலை வேறு.

சுடரும் மீதேனும்

நிலக்கரிப் படிவங்களின் இடுக்குகளில் மீதேன் என்னும் வாயு அடைபட்டிருக்கிறது. கரியை வெட்டும்போது அது கசிந்து வெளிப்படும். நிறமும் மணமும் அற்ற இவ்வாயு காற்றில் 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருக்கும்போது தீப்பட்டால் வெடிக்கும். வெடிப்பின் அதிர்ச்சியால் கரித்தூள் மேலெழும்பித் தானும் பற்றிக்கொள்வதால் அழிவு பன்மடங்காகும். 1812ஆம் ஆண்டு மே மாதம் வட இங்கிலாந்திலுள்ள ஃபெல்லிங் சுரங்கத்தில் நேர்ந்த வெடிப்பில் ஆடவரும் சிறுவருமாக 92 பேர் மாண்டனர். நம் நாட்டில் 1965ஆம் ஆண்டு மே 28ஆம் நாள், இன்றைய ஜார்க்கண்டு மாநிலத்திலுள்ள தோரி சுரங்கத்தில் நிகழ்ந்த வெடிப்பில் 268 உயிர்கள் பலியாயின.

எனவே நிலக்கரிச் சுரங்கத்தில், ஒளி தரும் பொருளே உயிரைப் பறிக்கும் பொருளாகவும் அமைந்தது. இதிலிருந்து தப்ப 18ஆம் நூற்றாண்டில் ஒரு விந்தையான வழியைக் கையாண்டனர். எஃகுச் சக்கரம் ஒன்றை வேகமாகச் சுழற்றி, அதன்மேல் சக்கிமுக்கிக் கல்லை அழுத்தினால் தீப்பொறிகள் மழைபோல் சிதறும். அப்பொறிகளின் மங்கிய ஒளியில் தொழிலாளி கரி வெட்டினார். சக்கரத்தைச் சுழற்றுவதற்கென்றே ஒரு சிறுவன் அருகில் அமர்ந்திருந்தான். ஒருவர் கைகளை விடுவிக்க மற்றொருவரின் இரு கைகளையும் கட்டிப்போட வேண்டியிருந்தது! பொறிகள் மீதேனைப் பற்றவைக்கமாட்டா என்று மக்கள் நம்பினர். அந்நம்பிக்கை பிழையென்பதை விபத்துகள் உணர்த்தின.

ஃபெல்லிங் பேரிழப்பிற்குப் பின்னர் ஹம்ஃப்ரி டேவி என்னும் வேதியியலறிஞர் இச்சிக்கலை ஆராய்ந்து, 1815ஆம் ஆண்டில் தமது காவல் விளக்கை உருவாக்கினார். சுடரைச் சுற்றி மெல்லிய கம்பி வலை ஒன்றை அமைத்தார். வலையினுள்ளே மீதேன் புகுந்து எரியினும், அவ்வெப்பத்தை உலோகக் கம்பிகள் கவர்ந்து பரப்பிவிடுகின்றன. ஆதலின் வலைக்கு வெளியேயுள்ள வாயு, தீப்பற்றும் வெப்பநிலையை எட்டுவதில்லை. அதே ஆண்டில் ஜார்ஜ் ஸ்டீபன்சனும் தனியே ஒரு காவல் விளக்கைச் செய்தார்.

காவல் விளக்கு பிறகு மற்றொரு பணிக்கும் பயன்பட்டது. காற்றில் மீதேன் கலந்திருந்தால், தாழ்த்தப்பட்ட சுடரின் தலையில் வெளிர்நீல முக்காடு ஒன்று தோன்றும். அதன் உயரத்தைக் கொண்டு வாயுவின் அளவை மதிப்பிடலாம். காற்றில் ஏறத்தாழ 21 விழுக்காடு இருக்கவேண்டிய பிராணவாயு 16 அல்லது 17 விழுக்காடாகக் குறைந்தால் சுடர் அணைந்துவிடும். மனிதன் நினைவிழப்பதற்கு முன்பே விளக்கு அணைவதால், திரும்பிச் செல்ல நேரம் கிடைத்தது. இச்செய்தியை வாசகர்கள் நினைவிற் கொள்க. பின்னர் இதற்குத் திரும்புவோம்.

காவல் விளக்கிற்கு இரண்டு குறைகள் இருந்தன. ஒன்று, கம்பி வலை ஒளியை மறைத்ததால் ஒரு மெழுகுவர்த்தியின் ஒளிகூட அதிலிருந்து கிடைக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் மங்கிய ஒளியில் உழைத்த தொழிலாளர் பலருக்குக் கண்விழிகள் தாமாகவே துடிக்கும் கண்நடுக்க நோய் வந்தது. மற்றொன்று, அவ்விளக்கை நிமிர்ந்த நிலையில் ஏந்தவோ தொங்கவிடவோ வேண்டும். தலையிற் சூட முடியாது. ஆபத்து குறைந்தது, ஆனால் விளக்கு மீண்டும் கைக்கே வந்துவிட்டது.

மின்விளக்கின் வருகை

1912ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஜெட் என்னும் சுரங்கம் வெடித்து 80க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்நாட்டுச் சுரங்கத்துறைப் பொறியியலறிஞர்களான ஜான் ரயன், ஜார்ஜ் டைக் ஆகிய இருவரும் இத்தகைய இழப்புகளால் உளம் வருந்தி, சுடரில்லா விளக்கு வேண்டுமென்று தாமஸ் ஆல்வா எடிசனை நாடினர். எடிசன் தாம் முன்னரே உருவாக்கியிருந்த நிக்கல்-இரும்புச் சேமக்கலத்தைச் சுருக்கி, இடுப்பு வாரில் அணியும் பெட்டியில் வைத்தார். அதிலிருந்து ஒரு மின்வடம் முதுகின்மேல் ஏறித் தொப்பியிலுள்ள சிறு பல்பை அடைந்தது. 1915ஆம் ஆண்டு வாக்கில் இவ்விளக்கு பயனுக்கு வந்தது.

இங்கு ஓர் ஐயம் எழலாம். மின்பல்பினுள் இருக்கும் இழை, 2,000 டிகிரி செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பநிலையில் ஒளிர்கிறது. கூரையிலிருந்து ஒரு கல் விழுந்து பல்பு உடைந்தால், அந்த இழையே மீதேனைப் பற்றவைக்காதா? பற்றவைக்கக்கூடும். ஆதலால் பல்பின் அடியில் ஒரு சுருள்வில்லை வைத்தனர். கண்ணாடி உடைந்தவுடன் வில் பல்பின் அடியை வெளித்தள்ளி மின்தொடர்பைத் துண்டித்துவிடும். மீதேனும் காற்றும் ஏற்ற அளவில் கலந்திருக்கையில் அதைப் பற்றவைக்க ஒரு ஜூலில் மூவாயிரத்தில் ஒரு பங்கு ஆற்றல் போதுமென்று அறிந்தால், இம்முன்னெச்சரிக்கையின் தேவை விளங்கும். சாதாரண சுவிட்சைத் தட்டும்போது தோன்றும் சிறு பொறியும் போதும். கடைகளில் விற்கும் டார்ச் விளக்கை நிலக்கரிச் சுரங்கத்தினுள் கொண்டுசெல்லக் கூடாதென்பதன் காரணமும் இதுவே.

பழைய தொப்பி விளக்குகளின் ஈய-அமில பாட்டரி ஏறக்குறைய இரண்டு கிலோகிராம் எடையுடையது. எட்டு மணி நேரம் அதனை இடுப்பிற் சுமப்பது எளிதன்று. இச்சுமையைக் குறைத்தது ஒளி உமிழ் டையோடு என்னும் எல்.இ.டி. ஆகும். நீலநிற ஒளி உமிழும் டையோடை உருவாக்கிய இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நாகமுரா ஆகிய மூவரும் 2014ஆம் ஆண்டிற்குரிய இயற்பியல் நோபல் பரிசைப் பெற்றனர். நீல ஒளியை மஞ்சள் ஒளிரும் பூச்சு ஒன்றின் வழியே செலுத்தினால் வெண்ணொளி கிடைக்கும். சிறு டார்ச்சின் மின்னிழைப் பல்பு ஒரு வாட் திறனுக்குச் சுமார் 10 லூமென் ஒளி தர, இன்றைய டையோடு 100 லூமெனுக்கு மேல் தருகிறது. அதாவது அதே ஒளியைப் பெறப் பத்தில் ஒரு பங்கு மின்னாற்றல் போதும். இலித்தியம் கலமும் உடன்சேர, விளக்கு முழுவதும் தொப்பியிலேயே அடங்கிவிடும் அளவுக்குச் சுருங்கிற்று.

நம் நாட்டுச் சுரங்கங்களின் வாயிலில் விளக்கு அறை என ஒன்று உண்டு. ஒவ்வொரு தொழிலாளிக்கும் எண்ணிட்ட விளக்கு ஒன்று அங்கே வழங்கப்படுகிறது. வேலை முடிந்து மேலே வந்ததும் அதனைத் திருப்பித் தருவார். விபத்து நேர்ந்தால், மாடத்தில் எந்த எண்ணின் இடம் வெறுமையாயிருக்கிறது என்று பார்ப்பர். அந்த எண்ணுக்குரியவர் இன்னும் நிலத்தடியில் இருக்கிறார் என்று பொருள். ஒளி தரும் கருவியே ஆட்கணக்கும் ஆகிறது.

தலையில் வைப்பதன் நன்மை யாது?

விளக்கைத் தலையில் வைப்பதால் கை விடுபடுகிறது என்பது வெளிப்படை. வேறு மூன்று நன்மைகளும் உள.

முதலாவது, ஒளி பார்வையைப் பின்தொடர்கிறது. தலை திரும்பும் பக்கம் விளக்கும் திரும்புகிறது.

இரண்டாவது, சிறிய விளக்கே போதுமானதாகிறது. ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளியின் செறிவு, தொலைவின் இருமடிக்கு எதிர் விகிதத்தில் குறையும் என்பது பள்ளியில் நாம் கற்ற விதி. 100 காண்டெலா ஒளிச்செறிவுள்ள சிறு விளக்கு, இரண்டு மீட்டர் தொலைவில் 25 லக்ஸ் ஒளியூட்டலும், ஒரு மீட்டரில் 100 லக்ஸும், அரை மீட்டரில் 400 லக்ஸும் தரும். நெற்றிக்கும் கைகளுக்கும் இடையே உள்ள தொலைவு ஏறக்குறைய அரை மீட்டரே. 400 லக்ஸ் என்பது புத்தகம் படிக்கப் போதிய ஒளியாகும். இரண்டு மீட்டர் உயரத்தில் விளக்கைத் தொங்கவிட்டு அதே ஒளியைப் பெற, பதினாறு மடங்கு ஆற்றலுள்ள விளக்கு வேண்டும்.

மூன்றாவது நன்மை, ஆழ்ந்த துளையினுள் பார்ப்பதில் உள்ளது. இதை ஒரு கணக்கால் விளக்கலாம். சுவரில் ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள துளை ஒன்று இருக்கிறது. நம் கண் அதற்கு நேரே 40 சென்டிமீட்டர் தொலைவில் உள்ளது. விளக்கைக் கையிலேந்திக் கண்ணிலிருந்து 30 சென்டிமீட்டர் பக்கவாட்டில் பிடித்தால், ஒளி சாய்ந்து விழும். ஒவ்வொரு சென்டிமீட்டர் ஆழத்திற்கும் அது 30/40, அதாவது முக்கால் சென்டிமீட்டர் விலகும். எனவே சுமார் 1.3 சென்டிமீட்டர் ஆழத்திற்குள் ஒளி முழுவதும் பக்கச் சுவரில் முட்டிவிடும். அதற்கப்பால் இருளே. விளக்கை நெற்றியில், கண்ணுக்கு 6 சென்டிமீட்டர் மேலே வைத்தால் விலகல் 6/40, அதாவது 0.15 சென்டிமீட்டரே. ஒளி 6 முதல் 7 சென்டிமீட்டர் ஆழம் வரை நம் பார்வையுடன் செல்லும். விளக்கு கண்ணுக்கு எவ்வளவு அருகில் உள்ளதோ அவ்வளவு ஆழமாகக் காணலாம் என்பது இதன் முடிவு.

காது, மூக்கு, தொண்டை மருத்துவர்கள் இவ்வுண்மையை 19ஆம் நூற்றாண்டிலேயே பயன்படுத்தினர். நடுவில் துளையுள்ள குழியாடியை நெற்றிப் பட்டையில் மாட்டி, ஒரு கண்ணுக்கு நேரே இறக்கிக்கொள்வர். நோயாளியின் அருகே வைத்த விளக்கின் ஒளி ஆடியிற்பட்டு நோயாளியின் காதினுள் செல்லும். மருத்துவர் ஆடியின் துளை வழியே நோக்குவார். ஒளிக்கோடும் பார்வைக்கோடும் ஒன்றாகிவிடுவதால் நிழலே தோன்றுவதில்லை. இரு கைகளும் கருவிகளைப் பிடிக்க ஓய்வாயிருக்கும்.

தலை விளக்கின் குறைகள்

எந்தக் கருவியும் குறையற்றதன்று. நிழல் இன்மை துளையினுள் நோக்க நன்மையாயினும், மேடு பள்ளங்களை அறியத் தடையாகும். ஒரு பொருளின் நிழல் அப்பொருளுக்குப் பின்னே மறைந்துவிடுவதால், கரடுமுரடான தரையும் சமதளமாகத் தோன்றும். படி இறங்கும்போதும், பாறையில் நுண்ணிய வெடிப்பைத் தேடும்போதும், விளக்கைத் தாழ்வாகப் பிடித்துப் பக்கவாட்டில் ஒளியைப் பாய்ச்சுவதே நலம்.

புகை, தூசு, மூடுபனி ஆகியவை சூழ்ந்த இடத்திலும் தலை விளக்கு இடர் தரும். துகள்கள் ஒளியைச் சிதறடித்து நேரே கண்ணுக்குத் திருப்பியனுப்ப, முன்னே ஒரு வெண்திரை எழுந்தாற்போல் தோன்றும். மோட்டார் வண்டிகளில் பனி விளக்கைத் தாழ்வாக அமைப்பது இதனாலேயே. இத்தகைய இடங்களில் விளக்கைத் தலையிலிருந்து கழற்றி இடுப்பளவில் பிடிக்கவேண்டும்.

மூன்றாவது குறை, உடன் வேலை செய்வோரைப் பற்றியது. நாம் அவரை நோக்கிப் பேசும்போது நம் விளக்கு அவர் கண்ணைக் கூசச் செய்கிறது. இருளுக்குப் பழகிய கண், கூசியபின் மீண்டும் முழுதும் பழக ஏறக்குறைய அரைமணி நேரம் ஆகும். ஆதலால் பேசும்போது தலையைச் சற்றுச் சாய்ப்பதோ விளக்கைத் தாழ்த்துவதோ சுரங்கத்தில் கடைப்பிடிக்கவேண்டிய மரியாதையாகும், பாதுகாப்பும் ஆகும்.

வீட்டிலும் பட்டறையிலும்

மேற்கண்ட உண்மைகளைக் கொண்டு நம் சிறு டார்ச் விளக்கைக் கை படாமல் நிறுத்தும் வழிகளை ஆராய்வோம்.

நெற்றிப் பட்டை: எல்லாவற்றிலும் சிறந்தது. கடையில் வாங்கலாம், சைக்கிளின் பழைய ட்யூபைக் கொண்டு நாமே செய்துகொள்ளவும் இயலும். ட்யூபிலிருந்து இரண்டு விரல் அகலமுள்ள வளையம் ஒன்றை வெட்டுக. அதனை எட்டு வடிவில் முறுக்கி, ஒரு கண்ணில் டார்ச்சையும் மறு கண்ணில் தொப்பியின் விளிம்பையோ தலைப்பாகையின் மடிப்பையோ செருகுக. ரப்பரின் உராய்வு விளக்கை வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். நீண்ட டார்ச்சாயின் நெற்றியின் நடுவிலிருந்து முன்னே நீட்டி வைத்தல் கூடாது. 150 கிராம் எடை கழுத்து அச்சிலிருந்து 12 சென்டிமீட்டர் முன்னே இருந்தால், அதன் திருப்பு விளைவைக் கழுத்தின் பின்தசைகள் ஓயாது எதிர்த்து நிற்க வேண்டும். காதையொட்டிப் பக்கவாட்டில் கிடத்தினால் முன்பாரமும் பின்பாரமும் சமனாகும். நல்ல தலை விளக்குகள் சிலவற்றில் பாட்டரியைப் பிடரிப் பக்கம் வைப்பதும் இந்த நெம்புகோல் தத்துவத்தைப் பற்றியே.

சட்டைப் பை: இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் எல் வடிவ டார்ச் ஒன்றைப் பயன்படுத்தினர். உடல் நிமிர்ந்து நிற்க, தலை மட்டும் முன்னோக்கும். முதுகிலுள்ள பிடியால் அதை வாரிலோ சட்டையிலோ செருகிவிடலாம். நடந்து செல்ல இது ஏற்றது. குனிந்து வேலை செய்யும்போது ஒளி வேறிடத்தில் விழும்.

காந்தம்: மோட்டார் வண்டியின் அடிப்பகுதி, எந்திரத்தின் உட்புறம் போன்ற இரும்புப் பரப்புகளில் காந்த அடியுள்ள விளக்கு நன்கு ஒட்டிக்கொள்ளும். ஆயினும் அலுமினியத்திலும் பிளாஸ்டிக்கிலும் ஒட்டாது. அசையும் பகுதிகளின் அருகே வைத்தல் ஆபத்து.

பற்களால் கவ்வுதல்: பலர் கையாளும் வழி; கைவிடவேண்டிய வழியும் இதுவே. உலோகத்தைக் கடிப்பதால் பற்கள் தெறிக்கக்கூடும். ஏணியிலிருந்து சறுக்கினால் விளக்கு தொண்டையில் பாயும். இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. நீர் புகாவண்ணம் இறுக மூடிய டார்ச்சினுள் பழைய இலித்தியம் கலத்தையும் புதியதையும் ஒன்றாக இட்டால், வலுவிழந்த கலம் சூடேறி வாயுவை வெளியிடலாம். வெளியேற வழியில்லாத வாயு, குழாயை வெடிக்கச் செய்யும். அப்போது அது நம் வாயில் இருத்தல் கூடாது. கலங்களை எப்போதும் ஒரே வகையாகவும், ஒரே நாளில் வாங்கியவையாகவும் இடுக.

செய்து பார்க்க

இரவில் அறையின் விளக்குகளை அணைத்துவிட்டு, மேசைமேல் மூன்று பொருள்களை வைக்கவும்: ஒரு நீண்ட புட்டி, சுருக்கம் விழுந்த ஒரு துணி, ஒரு ஊசியும் நூலும். டார்ச்சை முதலில் நெற்றியிலும், பின்னர் மேசை மட்டத்தில் பக்கவாட்டிலும் வைத்து மூன்றையும் நோக்குக. புட்டியின் அடியை எந்நிலையில் தெளிவாகக் காண முடிகிறது? துணியின் சுருக்கங்கள் எந்நிலையில் எடுப்பாகத் தெரிகின்றன? ஊசியில் நூல் கோக்க எது எளிது? விடைகளை எழுதி, மேலே கூறிய காரணங்களோடு ஒப்பிடுக.

ஒளி சொல்லாத செய்தி

முன்னர் நினைவிற் கொள்ளுமாறு வேண்டிய செய்திக்கு இப்போது வருவோம். சுடர் விளக்கு காற்றை உண்டு எரிந்தது. காற்று கெட்டால் தானும் கெட்டு, நமக்கு எச்சரிக்கை தந்தது. மின்விளக்கிற்குக் காற்று வேண்டியதில்லை. பிராணவாயு அறவே இல்லாத குழியிலும் அது முன்போலவே ஒளிரும். விளக்கைக் கையிலிருந்து தலைக்கு மாற்றியபோது நாம் பெற்றவை பல; இழந்தது இந்த எச்சரிக்கை.

இவ்விழப்பு சுரங்கத்தோடு நிற்பதன்று. நெடுநாள் பயன்படாத கிணற்றில் தூர்வார இறங்குவோர், தானியக் கிடங்கினுள் நுழைவோர், கழிவுநீர்த் தொட்டியினுள் இறக்கப்படுவோர் ஆகியோர் நம் நாட்டில் இன்றும் மூச்சுத்திணறி மாள்கின்றனர். கரியமில வாயு காற்றைப்போல் ஒன்றரை மடங்கு கனமானது. குழியின் அடியில் தண்ணீர்போல் தேங்கி நிற்கும். கழிவுநீரில் தோன்றும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு அழுகிய முட்டையின் நாற்றமுடையது. ஆனால் அதன் அளவு மிகும்போது மோப்ப உணர்ச்சியையே அது செயலிழக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று எண்ணும் நேரமே சாவின் நேரமாகலாம். தலையில் ஒளிரும் விளக்கு, அடித்தளத்தைத் தெளிவாகக் காட்டி, "இறங்கலாம்" என்ற பொய்யான துணிவை ஊட்டுகிறது.

கிணற்றில் எரியும் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்த முன்னோர் வழக்கம் பிராணவாயுக் குறைவை அறிவிக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடை அறிவிக்காது. மீதேன் தேங்கிய கழிவுநீர்த் தொட்டியிலோ அதுவே வெடிப்பை உண்டாக்கும். ஆகவே இன்று இதற்குரிய வழி வாயு அளவி ஒன்றே. கயிற்றில் கட்டி இறக்கிப் பல ஆழங்களில் அளந்து, காற்றோட்டம் தந்து, இடுப்பில் மீட்புக் கயிறு கட்டி, மேலே காவலுக்கு ஆள் நிறுத்திய பின்னரே ஒருவர் இறங்கலாம். மயங்கி விழுந்தவரைக் காக்கப் பாதுகாப்பின்றிப் பின்தொடர்ந்து இறங்கியவர்களும் ஒருவர்பின் ஒருவராக மாண்ட நிகழ்ச்சிகள் உண்டு. கழிவுநீர்க் குழாய்களிலும் மலத்தொட்டிகளிலும் பாதுகாப்புக் கருவிகளின்றி மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் குற்றமாக்கியது. சட்டத்தைக் காட்டிலும் விரைவாகப் பரவ வேண்டியது இந்த அறிவு.

தன்பாதில் 1956ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மத்திய சுரங்க ஆராய்ச்சி நிலையம், 2007ஆம் ஆண்டில் மத்திய எரிபொருள் ஆராய்ச்சி நிலையத்துடன் இணைக்கப்பட்டது. இத்தகைய நிலையங்களின் ஆராய்ச்சி சுரங்கத் தொழிலாளரின் தொப்பிக்கும் விளக்கிற்கும் காற்றிற்கும் பயன்படுகிறது. அங்குக் கற்ற பாடம் கிணற்றங்கரைக்கும் தெருமுனைக்கும் வந்து சேரவேண்டும்.

தொகுத்துக் கூறின், கையை விடுவிக்கும் விளக்கைத் தேர்வதற்கு நான்கு கேள்விகள் போதும். ஒளி என் பார்வையோடு செல்கிறதா? அதன் பாரம் சமனாக உள்ளதா? அருகிலுள்ளவர் கண்ணைக் கூசச் செய்கிறதா? நான் நிற்குமிடத்தின் காற்று நல்லதா? முதல் மூன்றிற்கும் விளக்கைப் பார்த்தே விடை காணலாம். நான்காவதற்கு விளக்கு விடை தராது. வாயு அளவியைக் கொண்டு நாமே அறிந்துகொண்ட பின்னர்தான் கால் வைக்கவேண்டும்.